அவலாஞ்சி டீமும் அனுப்பப்பட்ட கோச்சுகளும்

ஜனவரி மாதக் குன்னூரில் காலை 7.30 மணிக்கு எந்தச் சுவரில் முதல் வெயில் விழும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் டீயும் வர்க்கியும், மறு கையில் போனுமாக நானும் ஒரு தம்பியும் ஐஸ் ஹாக்கி பார்ப்போம். அமெரிக்காவின் டென்வர் நகரில் முந்தைய இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அந்த நேரத்தில்தான் வரும். தம்பி இலை வண்டி ஓட்டுபவன். முதல் பகுதி முடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மீதியை நான் பார்த்து மத்தியானம் சொல்ல வேண்டும்.

நான் கொலராடோ அவலாஞ்ச் கட்சி. பெரிய காரணம் ஒன்றுமில்லை. எமரால்டைத் தாண்டினால் நம்ம அவலாஞ்சி. இங்கே மண் சரிந்து வந்த பெயர், அங்கே பனிச்சரிவு. பெயருக்காகச் சேர்ந்த கட்சிதான், இப்போது விட முடியவில்லை. தம்பி செயின்ட் லூயிஸ் புளூஸ் கட்சி. எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. சீசன் சொதப்பினால் கோச்சை என்ன செய்வது? அவனுக்குப் பதில் எப்போதும் தயார்: "உடனே தூக்கணும்ணா. வெயிட் பண்ணா சீசன் போயிடும்."

இந்த வருடம் அந்த வழக்கு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. எங்கள் ஊர் ஹாக்கி டீம் (புல் இல்லாத மண் மைதானம், ஐஸ் எல்லாம் காலையில் குழாயடியில் மட்டும்தான்) வரிசையாகத் தோற்றதில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள். கோச்சை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. அதற்கு முன் தொழில்முறை டீம்கள் என்ன செய்தன, என்ன ஆனது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

எல்லா இடத்திலும் முதலில் கோச்சின் தலை உருளுவதற்குக் காரணம் கணக்குதான். வட அமெரிக்காவின் என்எச்எல் போட்டியில் ஒவ்வொரு டீமும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனில் அது 8 கோடியே 80 லட்சம் டாலர். கோச்சின் சம்பளம் அந்த வரம்புக்குள் வராது. ஒப்பந்தம் பாக்கியிருக்கும்போது அனுப்பினால் முதலாளியின் பை இளைக்கும், டீமின் வரம்பு குறையாது. இருபத்துச் சொச்சம் ஆட்டக்காரர்களை மாற்ற ஒரு வருடம் போதாது, கோச்சை மாற்ற ஒரு போன் போதும்.

அந்தப் போன் எவ்வளவு மோசமாக வரலாம் என்பதற்கு ஒரு படம் இருக்கிறது. 2016 நவம்பரில் ஃபுளோரிடா டீம் ராலே நகரில் ஆடித் தோற்ற இரவிலேயே கோச் ஜெரார்ட் கேலண்டை நீக்கியது. அவர் தன் பெட்டியைத் தானே டாக்சியில் ஏற்றும் படத்தை உலகமே பார்த்தது. அடுத்த வருடம் புதிதாகப் பிறந்த வேகாஸ் டீம் அவரை எடுத்தது, முதல் சீசனிலேயே இறுதிப்போட்டி வரை போனார். 2020 ஜனவரியில் அதே வேகாஸும் அவரைப் பாதி சீசனில் அனுப்பியது.

பாதியில் தூக்குவது

தம்பியின் கட்சிக்குத்தான் கதைகள் அதிகம், அதை மறுக்க முடியாது. 2009 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க், மிஷேல் தெரியனை நீக்கி டான் பைல்ஸ்மாவைக் கொண்டுவந்தது, ஜூனில் என்எச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பை. 2011 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ், டெரி மரேயை அனுப்பி டாரில் சட்டரை அழைத்தது, 2012இல் கோப்பை. 2015 டிசம்பரில் மறுபடி பிட்ஸ்பர்க், மைக் ஜான்ஸ்டன் போய் மைக் சல்லிவன் வந்தார், 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை.

தம்பிக்கு இவை எல்லாம் முன்னுரை. அவனுடைய வேதம் 2018-19 புளூஸ். நவம்பர் 19 அன்று மைக் யோவை நீக்கி கிரெய்க் பெருபேயைத் தற்காலிகக் கோச்சாகப் போட்டார்கள். ஜூன் 12 அன்று பாஸ்டன் மண்ணில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை 4-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். "பாத்தீங்களாண்ணா" என்பான், ஒவ்வொரு முறையும் நேற்றுதான் நடந்ததைப் போல.

நானும் பார்த்தேன். நவம்பருக்கும் ஜூனுக்கும் நடுவில் ஒரு தேதி இருக்கிறது, அதை அவன் சொல்ல மாட்டான். 2019 ஜனவரி 3. புதுக் கோச் வந்து ஆறு வாரம் கழித்து, அன்று காலை 31 டீம்களில் புளூஸ்தான் கடைசி. கோச்சை மாற்றியதால் மட்டும் எழுந்திருந்தால் அதற்குள் கொஞ்சமாவது எழுந்திருக்க வேண்டும். ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பரை முதன்முறையாக ஆரம்பத்திலிருந்தே இறக்கினார்கள். அன்று ஒரு கோல்கூட விடவில்லை, 3-0. முந்தைய சீசனில் அவரை ஆட வைக்க இடமில்லாமல் பாஸ்டனின் கீழ்நிலை டீமுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். அந்த இரவல் பையன்தான் கடைசியில் பாஸ்டன் முன்னால் சுவராக நின்றான்.

மற்ற கதைகளையும் பிரித்துப் பார்த்தால் இதே மாதிரி ஏதாவது கிடைக்கிறது. 2009 பிட்ஸ்பர்க்கில் காயத்தால் உட்கார்ந்திருந்த கோன்சார் அதே பிப்ரவரியில் திரும்பினார், கூனிட்ஸும் கெரினும் வெளியிலிருந்து வந்தார்கள். 2012 லாஸ் ஏஞ்சலஸ் பிப்ரவரியில் ஜெஃப் கார்ட்டரை வாங்கியது, கோலில் ஜொனதன் குவிக் நின்றார். 2016இல் மேட் மரே என்ற இளம் கோல்கீப்பர்.

அதற்காகப் பெருபேயும் சல்லிவனும் சும்மா நின்றவர்கள் என்று சொல்லவில்லை. பின்னிங்டனை இறக்கத் துணிந்ததே பெருபேதானே என்று தம்பி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பாதியில் மாற்றி ஜெயித்த ஒவ்வொரு டீமும் ஏற்கெனவே நல்ல ஆட்கள் கையில் இருந்து சறுக்கிய டீம். இல்லாதவர்கள் பாதியில் மாற்றியபோது அடுத்த பாதியும் முதல் பாதி மாதிரியேதான் போயிருக்கும். அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

கவாத்து வருடம்

தேயிலைக்காரர்களுக்கு ஒன்று தெரியும். இலை எடை குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்று. பனி விழுந்து கருகியிருக்கும், இல்லை அந்தக் காடு கவாத்துப் போட்ட, அதாவது செடியை வெட்டித் துளிர்க்க விட்ட காடாக இருக்கும், இல்லை பறிப்புச் சுற்று தப்பி இலை முத்தியிருக்கும். மூன்றாவதற்குத்தான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். கவாத்துப் போட்ட காட்டில் நின்றுகொண்டு "ஏன் கொழுந்து இல்லை" என்று கேட்கிறவனைப் பெண்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன்.

என் அவலாஞ்ச் 2016-17இல் கவாத்துப் போட்ட காடு. ஆகஸ்ட் 11 அன்று பழைய கோச் பாட்ரிக் ரோவா திடீரென்று ராஜினாமா செய்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, சீசன் வாசலில் நிற்கும்போது, ஜாரெட் பெட்னரைப் பிடித்துப் போட்டார்கள். 82 ஆட்டத்தில் 22 வெற்றி, 48 புள்ளி. எல்லா ஆட்டமும் ஜெயித்தால் எடுக்கக்கூடியது 164. அந்தச் சீசனில் அதைவிட மோசமான டீம் கிடையாது. பெட்னரை அனுப்பியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அனுப்பவில்லை. கடைசி இடத்துக்கு, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான சீட்டுக் குலுக்கலில் முதல் தேர்வாவது விழும் என்று பார்த்தால் அதுவும் விழவில்லை, நான்காவதாகத் தள்ளிவிட்டார்கள். அந்த நான்காவது இடத்தில் கிடைத்த பையன் கேல் மகார். அடுத்த சீசன் 95 புள்ளி. பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) இடத்துக்குக் கடைசி நாள் ஆட்டம் வரை இழுபறி, எதிரே நின்றது தம்பியின் புளூஸ். 5-2 என்று ஜெயித்து நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே. (இதை நான் மாதம் ஒருமுறையாவது நினைவுபடுத்துவேன்.) 2022 ஜூனில் பெட்னர் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார், பிளேஆஃப்பின் சிறந்த ஆட்டக்காரர் மகார்.

அந்த இறுதிப்போட்டியில் எதிர்ப்பக்கம் நின்றவர் யார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். டாம்பா பேயின் ஜான் கூப்பர். 2018-19இல் அவர் டீம் 62 ஆட்டம் ஜெயித்தது, 128 புள்ளி. பிளேஆஃப் முதல் சுற்றில் கொலம்பஸிடம் நாலுக்கு நாலும் தோற்று வீட்டுக்குப் போனது. அவ்வளவு பெரிய அவமானத்துக்குப் பிறகும் கூப்பரை யாரும் தொடவில்லை. ஒரு வாரப் பனிக்காக ஆளை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2020 கோப்பை, 2021 கோப்பை, 2022இல் இறுதி. ஆக அந்த வருடம் மோதிக்கொண்ட இரண்டு பேரும், வேறு டீமில் இருந்திருந்தால் எப்போதோ டாக்சியில் பெட்டி ஏற்றியிருக்க வேண்டியவர்கள்.

வைத்திருப்பதில் உள்ள ஆபத்து, அது சோம்பேறித்தனத்துக்கும் நல்ல சட்டை மாட்டிவிடும். "நாங்க கவாத்து வருஷத்துல இருக்கோம்" என்று அஞ்சு வருடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அவலாஞ்ச் அப்படிச் சும்மா இருக்கவில்லை. கோச்சை வைத்துக்கொண்டு, 2017 நவம்பரில் மேட் டுஷேன் என்ற தன் பெரிய ஆட்டக்காரரையே விற்று டீமைக் கலைத்து அடுக்கியது.

சீசன் முடிந்து கும்பிடு போடுவது

மூன்றாவது வழிதான் பார்க்க மரியாதையானது. சீசன் முடியட்டும், நன்றி சொல்லி அனுப்பலாம். எங்கள் கமிட்டியில் பாதிப்பேர் இந்தக் கட்சி. எனக்கு இதில்தான் நம்பிக்கை குறைவு. தோற்ற கோபம் ஆறாத நேரத்தில் எடுக்கும் முடிவைத்தான் நிதானமான முடிவு என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

பாஸ்டன் 2022 ஜூனில் புரூஸ் கேசிடியை அனுப்பியது. அவர் கையில் அந்த டீம் ஒரு வருடம்கூட பிளேஆஃப் தவறியதில்லை. எட்டே நாளில் வேகாஸ் அவரை எடுத்தது. சரியாக ஒரு வருடம், 2023 ஜூன் 13, வேகாஸ் கையில் கோப்பை. பாஸ்டனில் புதிதாக வந்த ஜிம் மாண்ட்கோமரி 65 வெற்றி, 135 புள்ளி என்று என்எச்எல் சாதனையே படைத்தார். படைத்து, முதல் சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்து ஃபுளோரிடாவிடம் தோற்றார். 2024 நவம்பரில் அவருக்கும் பெட்டி கட்டினார்கள், ஐந்தே நாளில் புளூஸ் எடுத்துக்கொண்டது. அனுப்பியவர்களுக்கு நஷ்டம், எடுத்தவர்களுக்கு லாபம் என்றால், தவறு கோச்சிடம்தான் இருந்ததா?

ஆனால் வேகாஸும் பிளேஆஃப் தவறியதும் தன் கோச் பீட்டர் டிபோரை அனுப்பிவிட்டுத்தானே கேசிடியை எடுத்தது. ஃபுளோரிடா இன்னும் ஒரு படி மேல். டீம் 122 புள்ளி எடுத்த 2021-22 சீசனின் பெரும்பகுதியை நடத்திய தற்காலிகக் கோச் புரூனெட்டை நீட்டிக்காமல் பால் மோரிஸைக் கொண்டுவந்தது, அவர் 2024, 2025 இரண்டு கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். தம்பி இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். ஒத்துக்கொள்கிறேன். யாரைக் கொண்டுவரப்போகிறோம் என்று தெரிந்து அனுப்பியவர்கள் பிழைத்தார்கள்.

தம்பியின் பெருபே என்ன ஆனார் என்று கேட்டால் மட்டும் சிரிப்பு நிற்கும். கோப்பை வாங்கிக் கொடுத்தவரை 2023 டிசம்பரில் அதே புளூஸ் அனுப்பியது. அடுத்த மே மாதம் டொரன்டோ தன் கோச்சை நீக்கிவிட்டு அவரை எடுத்தது.

நம் நாட்டு ஹாக்கியில் இதெல்லாம் புதிதல்ல. 2009இலிருந்து 2019 ஜனவரிக்குள் ஆண்கள் அணிக்கு முழுநேரமாக வந்து போன கோச்சுகளே ஏழு பேர். பிராசா, நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திரா. கடைசி இரண்டு பேருக்கும் ஆளுக்கு எட்டு மாதம்தான். மரைனைத் திரும்பப் பெண்கள் அணிக்கு மாற்றினார்கள், அந்தப் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். ஆண்களுக்கு 2019 ஏப்ரலில் வந்த கிரகாம் ரீடை மட்டும் விட்டுவைத்தார்கள். டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அணி பத்துச் சொச்சம் நாளில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் எடுத்தது. நம்ம பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு 41 வருடம் கழித்து வந்த பதக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் கோச் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இதற்கு முன் இருந்தவரை இதே கமிட்டிதான் ஒரு சீசன் முடிவில் அனுப்பியது. அன்று அவர் மைதான ஓரத்தில் சாக்கைக் கவிழ்த்துப் பந்துகளை எண்ணினார். பதினாறு. பாக்கெட்டிலிருந்து இரண்டு விசில், ஸ்டாப்வாட்ச். என் கையில் கொடுத்து, "ஒரு பந்து கீறல் விட்டிருக்கு, பெனால்டிக்கு எடுக்காதீங்க" என்றார். அதற்கு அடுத்த வருடமும் தோற்றோம், அதே ஆட்களை வைத்துக்கொண்டு.

இந்த வருடம் எங்கள் நல்ல ஆட்கள் மூன்று பேர் வேலைக்குக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். கோலில் நிற்பவன் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறான். இது பனியா, கவாத்தா என்று வேண்டுமானால் பேசலாம், பறிப்புத் தப்பியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னேன். சாவியைச் சுழற்றிக்கொண்டே, "அப்போ பின்னிங்டன் மாதிரி ஒருத்தனைத் தேடுங்கண்ணா, கோச்சை அப்புறம் பாக்கலாம்" என்றான். கோத்தகிரி பக்கம் இலை ஏற்றும்போது ஒரு பையன் சாக்கு மூட்டையைக் காலாலேயே தடுத்து நிறுத்துவதைப் பார்த்தானாம். நாளைக் காலை ஏழரைக்கு மேல் இருவரும் அவன் வண்டியிலேயே போய்ப் பார்க்கப்போகிறோம்.