சாய்ந்து நிற்கும் கட்டிடப் படங்கள்: எந்த மென்பொருளில் நிமிர்த்துவது?

உயரமான கட்டிடத்தைக் கீழே நின்று, கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் சுவர்கள் மேலே போகப் போக நெருங்கிவிடும். கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரும் சுவரும் இணையாக இல்லாததுதான் காரணம், லென்ஸில் எந்தக் கோளாறும் இல்லை. லென்ஸ் தரும் வளைவு வேறு சங்கதி. அதை லென்ஸ் புரொஃபைல் (அந்த லென்ஸின் வளைவை நீக்க மென்பொருளில் இருக்கும் தயார்நிலைத் திருத்தம்) போட்டு முதலிலேயே சரிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் வளைந்த கோட்டை நேர்க்கோடு என்று வைத்துத்தான் மென்பொருள் கணக்குப் போடும்.

அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில், சாய்வை நிமிர்த்தும் அப்ரைட் வசதி 2013இல் வந்தது. அதிலுள்ள ஆட்டோ பொத்தான் முகப்பு தெளிவாகத் தெரியும் படத்தில் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் முன்னால் மரமோ சாய்ந்த கம்பமோ இருந்தால் அதையும் சுவரென்று எடுத்துக்கொண்டு படத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும். என் ஓட்டு அதே அப்ரைட்டில் உள்ள கைடட் முறைக்குத்தான். நேராக இருக்க வேண்டிய விளிம்புகள் மேல் நாமே கோடு போடுகிறோம், குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு. கோடுகளைக் கட்டிடத்தின் இரு ஓரங்களிலும் தள்ளித் தள்ளி, முடிந்தவரை நீளமாகப் போடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் போட்டால் சின்னப் பிசகுகூட ஓரத்துக்குப் போகும்போது பெரிதாகிவிடும்.

போட்டோஷாப்பின் பெர்ஸ்பெக்டிவ் வார்ப் வேறு ரகம். கட்டிடத்தின் மூலை நம்மைப் பார்த்து நிற்கும் படத்தில் இரண்டு சுவர்களுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு ஒவ்வொன்றையும் தனியாகத் திருப்பலாம். லைட்ரூம் முழுப் படத்தையும் ஒரே தாளாகத்தான் திருப்பும். வெறுமனே சுவரை நிமிர்த்த மட்டும் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

காசு செலவழிக்காமல் முடிக்க வேண்டுமா? கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதன் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் திசையைக் கரெக்டிவ் என்று மாற்றி, கட்டத்தைச் சாய்ந்த சுவரோடு பொருத்திவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிக்சல்கள் கொஞ்சம் மழுங்கும் என்பதால் ஒரே மூச்சில் செய்துவிடுவது நல்லது.

ஆனால் இலவசத்தில் நான் கைகாட்டுவது டார்க்டேபிள். கோடுகளை அதுவே தேடும், தேர்ந்தெடுத்த செங்குத்துக் கோடுகளைப் பச்சையில் காட்டும், வேண்டாத மரக்கிளையை வலது கிளிக்கில் கழற்றிவிடலாம். அசல் படத்தில் கைவைக்காது, அதனால் நாளைக்கு மனம் மாறினாலும் பிரச்சினையில்லை.

எதில் செய்தாலும் சரி, நிமிர்த்தி முடித்ததும் கட்டிடம் நீண்டோ குட்டையாகவோ தெரிகிறதா என்று பாருங்கள். முகப்பை நேராகப் பார்த்து எடுத்த படம் என்றால், அதில் ஒரு வட்டக் கடிகாரம் இருந்தாலே போதும், அது முட்டை மாதிரி ஆகியிருந்தால் லைட்ரூமில் ஆஸ்பெக்ட் ஸ்லைடரை வட்டம் திரும்பும்வரை நகர்த்தலாம். அப்புறம், மிக உயரமான கோபுரத்தை நூற்றுக்கு நூறு நிமிர்த்தாதீர்கள், தலை கனத்து முன்னால் விழுவது போல இருக்கும். கொஞ்சம் சாய்வை விட்டுவைத்தால்தான் கண்ணுக்கு இயல்பாகப் படும். மேல்பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே கூர்மையும் குறையும், கீழ் மூலைகள் க்ராப்பில், அதாவது ஓரங்களை வெட்டும்போது, போய்விடும். எடுக்கும்போதே நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள்.