கான்மோரில் ஏஎஸ்டி 1 பனிச்சரிவுப் பயிற்சி: வகுப்பறை நன்று, மீட்புப் பயிற்சி சுமார்

கனடாவின் ராக்கி மலைகளில் லிஃப்ட் இல்லாத சரிவுகளுக்கு ஸ்கீயிலோ ஸ்னோஷூவிலோ போக நினைப்பவர்கள் முதலில் எடுப்பது ஏஎஸ்டி 1 (Avalanche Skills Training) என்ற பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி. பாடத்திட்டம் அவலாஞ்ச் கனடா அமைப்புடையது, நடத்துவது தனியார் பள்ளிகள். நான் சேர்ந்தது ராக்கி மலையடிவார ஊரான கான்மோரில் ஒரு பள்ளி. ஒரு நாள் வகுப்பறை, ஒரு நாள் மலை. 300 டாலருக்குப் பக்கம் ஆனது, கருவி வாடகை தனி. பனியில் பள்ளம் தோண்டி அடுக்குகளைப் படிக்கும் வித்தைக்காகத்தான் போனேன். உருப்படியாகக் கிடைத்தது வேறு.

வகுப்பறையில் காலை முழுக்க ஸ்லைடுகள். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். மதியத்துக்கு மேல் விஷயம் சூடுபிடித்தது. அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பைத் திரையில் போட்ட ஆசிரியர், அபாய எண்ணை மட்டும் மறைத்துவிட்டார். எந்த வகைச் சிக்கல், எந்தத் திசை பார்த்த சரிவில், எவ்வளவு உயரத்தில், சரிந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று முதலில் படிக்கச் சொன்னார். எண் அதற்கப்புறம்தான். ஐந்தில் மூன்று என்றால் நடுவாந்தரம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நிலையில் பனி தானாகச் சரியவும் வாய்ப்புண்டு, மனிதர் கால் பட்டுச் சரிவதற்கோ நிறையவே வாய்ப்பு. பிறகு பாதையைத் திட்டமிட உதவும் அவலுவேட்டர் என்ற அட்டையைக் கொடுத்தார்கள். அபாய நிலை ஒரு பக்கம், நிலப்பகுதி எவ்வளவு சிக்கலானது என்பது இன்னொரு பக்கம். அதே மூன்றாம் நிலை எளிய பாதையில் ஒரு நிறம் காட்டுகிறது, சிக்கலான பாதையில் வேறு நிறம். இதை வைத்து மறுநாள் பாதையை நாங்களே வரைபடத்தில் போட்டோம். கட்டணத்தில் பாதி அந்த இரண்டு மணி நேரத்துக்கே தகும்.

மறுநாள் போனது ‘போ சம்மிட்’ (Bow Summit) என்ற இடத்துக்கு. ஐஸ்ஃபீல்ட்ஸ் சாலையிலேயே உயரமான இடம், 2,000 மீட்டருக்கு மேல். நல்ல குளிர். ஆசிரியர் பள்ளம் தோண்டி, 30 செ.மீ. சதுரத்தில் பனித்தூண் ஒன்றைப் பிரித்தெடுத்து, மேலே ஷவலை வைத்துத் தட்டினார். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. முழங்கைத் தட்டிலேயே மேலே இருந்த பனி பலகை மாதிரி சறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் இருந்ததை அள்ளிப் பார்த்தேன். ரவை மாதிரி, உருண்டை பிடிக்கவே முடியவில்லை. இந்தப் பக்கம் பனி மெல்லியது. தரை ஏறக்குறைய பூஜ்யத்தில் இருக்க, மேலே காற்று மைனஸ் இருபதில் இருந்தால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். பனிப் படிகங்களுக்கு இடையிலான பிடிப்பு விட்டுப்போகும். நாலு எட்டு தள்ளி இன்னொரு பள்ளம் தோண்டியபோது முப்பது தட்டுக்கும் எதுவும் அசையவில்லை. ஒரு பள்ளத்தை நம்பிச் சரிவில் இறங்கக்கூடாது என்பதை எவ்வளவு பேசியிருந்தாலும் இப்படிப் புரியவைத்திருக்க முடியாது. அதன் பிறகு சரிவுமானியோடுதான் நடந்தோம். 30 முதல் 45 டிகிரி வரைதான் அதிகம் கவலைக்குரிய சாய்வு. நாம் நிற்பது சமதளமாக இருந்தாலும், மேலே அப்படியொரு சரிவு தொங்கினால் அங்கே நின்று சாண்ட்விச் பிரிக்கக் கூடாது.

குறை என்றால் மீட்புப் பயிற்சிதான். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்தில் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு சரசரவென இறங்கும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது, கூட வந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஒதுக்கியது மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம்கூட இல்லை. எட்டுப் பேருக்கு ஒரு ஆசிரியர். புதைந்தவரைச் சிக்னல் மூலம் தேட வாடகைக்குத் தந்த டிரான்ஸீவர் கருவிகளில் ஒன்று பழசு, அம்புக்குறி பக்கவாட்டில் அலைந்துகொண்டே இருந்தது. அதைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேடுவதும், 25 செ.மீ. இடைவெளியில் புரோப் என்ற நீளக் கம்பியைக் குத்துவதும் ஓரளவு கைக்கு வந்தன. தோண்டவே விடவில்லை! மீட்பில் அதிக நேரம் தின்பது தோண்டுவதுதான் என்று முந்தின நாள் வகுப்பில் சொன்னதும் இவர்களேதான்.

சேர்வதானால், ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், ஷவல் பயிற்சி உண்டா, வாடகை டிரான்ஸீவரில் மூன்று ஆண்டெனா இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள். மீட்புக்கு மட்டும் தனியாக ஒரு நாள் பயிற்சியும் இருக்கிறது. நான் அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன், இந்த முறை சொந்த டிரான்ஸீவரோடு.