11 வருடமாகப் போகும் நோன்யா பலகாரக் கடை: இப்போது ஏன் யோசிக்கிறேன்

கிள்ளானில் இருக்கும் தோழி போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பினாங்குக்கு வருகிறாளாம். "நீ எப்பவும் சொல்லுவியே, அந்த நோன்யா குவே கடை, இன்னும் நல்லாத்தான் இருக்கா? ஒருநாள் காலையில அங்கேயே பசியாறிடலாமா?" போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் போ என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்டதோ, அதே கடையில் வாங்கிய குவே தாலாம் பெட்டியை அப்படியே குப்பையில் கொட்டியதற்கு மறுநாள். இரண்டு நாள் பதில் போட மனம் வரவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடை ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டில். முன்னால் ஆறு மேசை, பின்கட்டில் சமையல். அடுப்படியில் எழுபது தாண்டிய ஆன்ட்டி, கல்லாவில் அவர் மகனும் மருமகளும். பெயர் வேண்டாம். 2014-லிருந்து மாதம் இரண்டு முறையாவது போய்க்கொண்டிருக்கிறேன். அப்போது ஒரு துண்டு 70 காசு, இப்போது 1 வெள்ளி (ரிங்கிட்) 80 காசு. விலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேங்காய் விற்கிற விலைக்கு இது நியாயம்தான்.

மலேசியாவில் இருப்பவர்களுக்குக் குவே என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். குவே என்றால் பலகாரம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட சீன வணிகர்களின் வழிவந்தவர்கள் பெரானாக்கான். ஆண்களைப் பாபா என்றும் பெண்களை நோன்யா என்றும் சொல்வது வழக்கம். அந்தப் பெண்களின் கைப்பக்குவம்தான் நோன்யா குவே. சீனர் வழி மட்டுமில்லை, மலாக்காவில் காஜா பெராங் பக்கம் இருக்கும் சிட்டிகளும் பெரானாக்கான்தான். தமிழ் வணிகர் வழிவந்தவர்கள், கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய். குவே செய்யத் தேவைப்படுவது என்று பார்த்தால் அரிசி மாவு, புலுட் என்கிற ஒட்டும் அரிசி, மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பால், பாண்டான் இலை, கூலா மலாக்கா. பாண்டானை இலங்கைக்காரர்கள் ரம்பை என்பார்கள். கூலா மலாக்கா என்பது தென்னம்பாளையில் இறக்கும் பதநீரைக் காய்ச்சி உறைய வைத்த கருப்பட்டி. அவ்வளவுதான் சாமான். மற்றதெல்லாம் ஆவியும் பொறுமையும்.

இந்தக் கடையில் நான் முதலில் மனதைப் பறிகொடுத்தது புலுட் தாய் தாயில். புலுட் அரிசியை ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறி மறுபடியும் வேக வைப்பார்கள். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் சங்குப்பூ சாறு. அப்புறம் நீலமும் வெள்ளையும் கலந்த சோற்றைப் பெட்டியில் போட்டு, மேலே வாழையிலை மூடி, பாரம் வைத்து மணிக்கணக்கில் அழுத்தி, கட்டி கட்டியாக வெட்டுவார்கள். சோற்றில் துளி இனிப்பு கிடையாது. உப்பும் தேங்காய்ப்பாலும் மட்டும்தான். பக்கத்தில் ஒரு கரண்டி காயா. முட்டை, தேங்காய்ப்பால், சீனி, பாண்டான் சேர்த்துக் கை ஓயாமல் கிண்டியது. கட்டியின் ஓரத்தைக் கரண்டியால் பிய்த்துக் காயாவில் தொட்டு வாயில் வைத்தால், அழுத்தமாக இருந்த சோறு பருக்கை பருக்கையாகப் பிரியும். அந்த ஒரு வாய்க்காக நான் படகேறிக் கடல் தாண்டிப் போகத் தயார். எங்கள் வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில்.

என் அம்மாவை முதல் முறை கூட்டிப்போனபோது அந்த நீலத்தைப் பார்த்துச் சாயம் என்றே முடிவு கட்டிவிட்டார். ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கி, விரலில் ஒட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த ஆன்ட்டி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். உள்ளே காய்ந்த சங்குப்பூ. அம்மாவுக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. எங்கள் வேலியில் தினமும் பூஜைக்குப் பறிக்கிற பூ! அடுத்த முறை போகும்போது ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து பூ மிஞ்சும்போதெல்லாம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆன்ட்டி காசு வாங்க மறுப்பார், நாங்களும் பூவுக்குக் காசு வாங்க மாட்டோம். கடைசியில் இரண்டு குவே கோச்சியாவது என் பையில் வந்து விழும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், என் கோபம் வெளியாள் கோபம் இல்லை என்பதற்காகத்தான்.

ஒருமுறை பூ கொடுக்கப் பின்கட்டு வரை போனேன். தட்டு தட்டாக குவே தாலாம் வெந்துகொண்டிருந்தது. தாலாம் இரண்டு அடுக்கு. கீழே பாண்டான் சாறு ஊற்றிய பச்சை, கொஞ்சம் இனிப்பு. மேலே தேங்காய்ப்பாலில் செய்த வெள்ளை, நல்ல உப்பு. பச்சை அடுக்கு சரியாக உறைந்த பிறகுதான் வெள்ளையை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். ஆவிச்சட்டி மூடியைப் பார்த்தேன். ஒரு பெரிய வெள்ளைத் துணியை மூடியின் அடியில் இழுத்துக் கட்டி, நான்கு முனையையும் மேலே கொண்டுவந்து பிடியில் முடிச்சுப் போட்டிருந்தார். இட்லி அவிக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மூடியில் சேர்கிற ஆவித்தண்ணீர் குவேயின் மேல் சொட்டிவிடக் கூடாது. சொட்டினால் வெள்ளை அடுக்கில் குழி விழும், வழவழத்துப் போகும், சீக்கிரம் புளிக்கும். அன்றைக்கு மட்டும் அந்தத் துணியை அவர் மூன்று முறை அவிழ்த்துப் பிழிந்து மறுபடியும் கட்டியதைப் பார்த்தேன்.

வெந்து இறக்கிய தட்டு உடனே வெட்டுப்படாது. மணிக்கணக்கில் ஆற வேண்டும். முன்பெல்லாம் ஆன்ட்டியே கல்லாவில் நிற்பார். தாலாம் கேட்டால் தட்டின் அடியில் கையை வைத்துப் பார்ப்பார். "பெலும் செஜுக்", இன்னும் ஆறவில்லை என்பார். அவ்வளவுதான், யார் கேட்டாலும் வெட்ட மாட்டார். சிங்கப்பூர் பேருந்து கிளம்பப்போகிறது என்று ஒருவர் கெஞ்சியபோதும் அதே பதில்தான். அவருக்குப் பிங்காவை, மரவள்ளிக்கிழங்கில் சுடும் குவேயை, கட்டிக் கொடுத்து அனுப்பினார். ஆறியதும் வெட்டி, வாழையிலையில் வைத்து, தாளில் சுற்றித் தருவார். வீட்டுக்கு வந்து பிரித்தால் இலை வாசனையோடு, வெட்டின ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. உட்கார்ந்து சாப்பிடத் தடை. எல்லாக் கடைகளையும் போல இவர்களும் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறினார்கள். அப்போது வேறு வழியில்லை. கடையை மூடாமல் காப்பாற்றியதே அந்தப் பெட்டிதான் என்று மருமகள் சொன்னார், நம்புகிறேன். ஆனால் கட்டுப்பாடு போய் இத்தனை வருடமாகியும் பெட்டி போகவில்லை. அது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். வாரக்கடைசியில் ஆறாத குவேயை வெட்டிப் பெட்டியில் அடைத்து மூடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எப்படித் தெரியும் என்றால், வெட்டின ஓரத்தைப் பாருங்கள். நன்றாக ஆறிய தாலாமில் பச்சை பச்சையாகவும் வெள்ளை வெள்ளையாகவும் கோடு போட்டது போல் பிரிந்திருக்கும். சூட்டில் வெட்டினால் கத்தி பச்சையை வெள்ளை மேல் இழுத்துவிடும். ஓரத்தில் பச்சைத் தீற்றல் தெரிந்தால் அது ஆறவில்லை என்று அர்த்தம். போன சனிக்கிழமை நான் வாங்கிய இரண்டு பெட்டியிலும் அந்தத் தீற்றல் இருந்தது. பார்த்துக்கொண்டேதான் வாங்கினேன், வீட்டில் நாத்தனார் குடும்பம் வந்திருந்ததால்.

காலை பதினொன்றுக்கு வாங்கியது. மூன்று மணிக்குத் தேநீரோடு திறந்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மூடியைத் தூக்கியதும் அத்தனையும் வெள்ளை அடுக்கின் மேல் வடிந்தது. நாத்தனார் ஒரு துண்டை வாயில் வைத்தார். சத்தமில்லாமல் டிஷ்யூவில் சுற்றித் தட்டின் ஓரமாக வைத்துவிட்டார். நான் முகர்ந்து பார்த்தேன், புளித்த தேங்காய் வாடை. பதினொரு வருடமாக ஊரெல்லாம் புகழ்ந்த கடை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆவிச்சட்டி மூடியில் துணி கட்டி, பிழிந்து பிழிந்து, ஒரு சொட்டு விழாமல் காப்பாற்றுகிறார் ஆன்ட்டி. இருபதடி தள்ளிக் கல்லாவில் அதே குவேயின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அத்தனை சொட்டையும் விழ விடுகிறார்கள். அந்தப் பெட்டியும் மூடி போட்ட ஆவிச்சட்டிதானே? துணி மட்டும் இல்லை.

இதை மருமகளிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். மூடியில் துளை போடுங்கள், அடியில் இலை வையுங்கள், இல்லையென்றால் அட்டைப் பெட்டி வாங்குங்கள் என்றேன். முதல் முறை சரி சரி என்றார். இரண்டாம் முறை கொஞ்சம் மனம்விட்டுப் பேசினார். சனிக்கிழமை எட்டு மணிக்கே ஆர்டர் எடுக்க மோட்டார் சைக்கிள் பையன்கள் வந்து நின்றுவிடுகிறார்களாம். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பெட்டி இளஞ்சூடாக இருந்தால்தான் இன்றைக்குச் செய்தது என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்களாம். ஆறியிருந்தால் நேற்றையதா என்று கேட்டுக் குறை எழுதுகிறார்களாம். அவர் சொன்னதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குவே ஆறித்தான் சாப்பிட வேண்டும் என்பது தெரியாமல் ஒரு தலைமுறையே வாங்குகிறது.

அவர்கள் பக்கம் நின்றும் பார்க்கிறேன். பழைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தது, 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நகரத்தின் நடுவே தலைமுறையாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் கடையையும் வீட்டையும் விட்டுப் போயின. இவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆன்ட்டி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தேங்காய்ப்பால் பிழிகிறார். மகன் வேறு வேலையை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தவர். இன்றும் தூள் சாயமோ புட்டிப் பாண்டானோ அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. இதெல்லாம் தெரிந்துதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நாலு மணிக்கு எழுகிற அந்த மனுஷியின் கையில் உருவானதை நான்கு மணி நேரத்தில் புளிக்க விடுவது அவருக்கே செய்கிற அநியாயம். அதை நினைத்தால்தான் ஆத்திரம் அதிகமாகிறது.

மற்ற பலகாரங்கள் சுருக்கமாக. ரெம்பா ஊடாங் கட்டாயம் சாப்பிட வேண்டும். காய்ந்த இறாலும் தேங்காயும் வைத்து வாழையிலையில் சுட்டது. காவ் சான் ஒன்பது அடுக்கு, பிள்ளைகள் ஒவ்வொன்றாக உரித்துத் தின்பார்கள், நேரம் போவதே தெரியாது. பிங்கா அடிப்பகுதி கருகலாக இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒண்டே ஒண்டே எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை, உள்ளே கூலா மலாக்கா போதவில்லை. எது வாங்கினாலும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். அரிசி மாவு இறுகிக் கல்லாகிவிடும். வைத்துவிட்டால் மறுபடி ஆவியில்தான் காட்ட வேண்டும்.

வார நாளில் போய், மேசையில் உட்கார்ந்து, தட்டிலிருந்து வெட்டித் தருவதை அங்கேயே சாப்பிட்டால் இந்தக் கடைக்கு ஈடு நான் பார்த்ததில்லை. அதை இப்போதும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் தோழி வருவது சனிக்கிழமை. அவள் அம்மாவுக்கு இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் பேருந்தில் ஐந்தாறு மணி நேரம் போவாள். திறக்கும்போது என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். போக வேண்டாம் என்று நேற்று இரவு பதில் போட்டுவிட்டேன்.

வேலியில் பூ நிறைய இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டிபன் கேரியரில் இலை போட்டு எடுத்துப்போகிறேன், புலுட் தாய் தாய் எத்தனை வேண்டும், தாலாம் எத்தனை வேண்டும் என்று இன்று காலை அவளுக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஆறு என்று எழுதியிருக்கிறாள்.