மலைப்பூண்டா, தண்ணீர்விட்டான் கிழங்கா: பால் ஊற எது?

தலைப்பிரசவத்துக்கு என் தங்கை பூம்பாறைக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த நான்காம் நாள் அடுப்படியில் இரண்டு கட்சி. அம்மா, புகையில் தொங்கிய கொத்திலிருந்து மலைப்பூண்டை உரித்துக்கொண்டிருந்தார். பழனியிலிருந்து வந்த அவள் மாமியார் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "சம்பந்தி, பூண்டு வாயுவுக்குத்தான் கேக்கும். பால் ஊறணும்னா தண்ணீர்விட்டான் கிழங்குதான்."

பூண்டிலிருந்து தொடங்குகிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் காரமும் மணமும் தூக்கல். ஆனால் பால் கூடுமா? 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பூண்டு சாப்பிட்ட தாயின் பாலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பூண்டு வாசனை தூக்கலாக வந்தது. பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்தன; குடித்த பாலின் அளவு மட்டும் பெரிதாகக் கூடவில்லை. ஆனாலும் பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும் என்பதால், அந்த அதிக நேரத்தை நான் லேசாக நினைக்க மாட்டேன்.

பூண்டிலும் கவனம் வேண்டும். அது ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆபரேஷன் ஆனவர்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பச்சைப் பூண்டையும் பூண்டு மாத்திரையையும் தொட வேண்டாம். அம்மா செய்தது பூண்டுப் பால்: பத்துப் பல்லை நசுக்காமல் முழுசாகப் போட்டு, குழைய வேகவைத்து, மஞ்சள்தூள், மிளகு, பனங்கற்கண்டு. நசுக்கும்போதுதான் அல்லிசின் என்ற காரச்சத்து உருவாகும். முழுப் பல்லாக வேகவைத்தால் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். பச்சை உடம்புக்கு அதுவே தோது.

அப்புறம் கிழங்கு. சதாவரி என்பதும் இதுதான். தோலைச் சீவி, நடு நரம்பை உருவி, காயவைத்து இடிப்பார்கள். மருந்துக்கடையில் பால் சுரப்புக்கென்று விற்கும் துகள்கள் பலவற்றிலும் இது இருக்கிறது; சர்க்கரையும் இருக்கும், நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டு ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை: 1996-ல் பலன் தெரியவில்லை, 2011-ல் பால் சுரப்பு ஹார்மோன் கூடியது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

என்னைப் பயமுறுத்துவது வேறு. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், வயல் வயலாக விளைகிறது. அதிலுள்ள கோல்கிசின் என்ற நஞ்சு ஆளையே கொல்லும். முழுக் கிழங்கு என்றால் அடையாளம் தெரியும்: தண்ணீர்விட்டான் கொத்துக் கொத்தாக, விரல் போல இருக்கும்; கண்வலி கலப்பை போல வளைந்திருக்கும். இடித்துத் தூளாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்த டப்பாவில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

வெந்தயமும் சொல்வார்கள். அது சர்க்கரையை இறக்கும், வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கும் ஆகாமல் போகலாம்; அவ்வளவுதான்.

என் ஓட்டு வேகவைத்த பூண்டுக்கு. அது சாப்பாடு, ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளைக்கே நிறுத்திவிடலாம். கிழங்கு வேண்டும் என்றால் சித்த மருத்துவரிடம் கேட்டு, முழுசாக வாங்கி வீட்டிலேயே இடியுங்கள். இதையே சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, பிள்ளையை இப்படிக் கொடு" என்று வாங்கி, காம்பு மட்டுமில்லாமல் கருவட்டமும் வாய்க்குள் போகும்படி தங்கையின் மார்பில் பிடித்துவைத்தார். ஆறாம் நாள் பிள்ளை நனைத்த துணி ஏழு கொடியில் தொங்கியது; பால் போதுகிறது என்று அர்த்தம்.