சர்க்கரையா, செயற்கை இனிப்பா: மூளைக்கு எது மேல்?

காப்பியில் விழுந்த இனிப்பு மாத்திரை சிறு குமிழ்களை விட்டபடி கரைகிறது. நாக்குக்கு அதுவும் சர்க்கரைதான், மூளைக்கு அப்படியல்ல.

சர்க்கரை தரும் குளுக்கோஸ் மூளையின் எரிபொருள். அளவு மீறினால் எடை கூடும், நீரிழிவு நெருங்கும். நீரிழிவு நினைவாற்றலைத் தேய்க்கும். இது பழைய செய்தி.

செயற்கை இனிப்பு ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2025-இல் வெளியான பிரேசில் ஆய்வு கவலை தருகிறது. 12,772 பேரைச் சராசரியாக 8 ஆண்டுகள் கவனித்தார்கள். இவ்வகை இனிப்புகளை மிக அதிகமாக உட்கொண்டவர்களின் சிந்தனைத்திறனும் நினைவாற்றலும், மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிட 62 சதவீதம் வேகமாகக் குறைந்தன. அஸ்பார்டேம், சாக்கரின், எரித்ரிட்டால் உட்பட ஆறு இனிப்புகளில் இந்தத் தொடர்பு தெரிந்தது. ஆய்வில் இருந்த ஏழாவது இனிப்பான டாகடோஸில் மட்டும் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களிடமும் தெரியவில்லை. நீரிழிவு உள்ளவர்களிடம் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. என்னை உறுத்துவது இதுதான்: இந்த மாத்திரையை அதிகம் நம்புபவர்களே அவர்கள்தானே!

தொடர்பு வேறு, காரணம் வேறு. இனிப்புதான் மூளையைக் கெடுத்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. நீரிழிவு இல்லாதவர் அரைக் கரண்டிச் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்பேன். நீரிழிவு உள்ளவர் இதைப் படித்துவிட்டுச் சர்க்கரைக்குத் திரும்பிவிட வேண்டாம். இனிப்புச் சுவையையே மெல்லக் குறைத்துக்கொள்ளட்டும்.