காரைக்குடியில் பழைய நுண்ணோக்கி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கை இன்னும் படபடக்கிறது. 14,500 ரூபாய். மூன்று மாத டியூஷன் பணம்.

காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்று. தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவில் அந்த நுண்ணோக்கி நின்றது. கடைக்காரர் ஒரு வெங்காயத்தை எடுத்துவந்து, உள்தோலை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்துக் காட்டினார். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் பளிச்சென்று தெரிந்தன. அங்கேதான் விழுந்தேன். "அளக்கிற கண்ணாடியும் தருகிறேன், டீச்சர். ஒரு மில்லிமீட்டரில் 100 பாகம், பாகத்துக்கு 10 மைக்ரான்" என்றார். நுண்ணிய அளவுக்கோடுகள் போட்ட சிறு கண்ணாடித் துண்டு அது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா?

கண்ணருகு வில்லைக்குள் இருக்கும் கோடுகளுக்குச் சொந்த அளவு கிடையாது. ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் இந்தக் கண்ணாடியை வைத்துத்தான் மதிப்புக் கட்ட வேண்டும். இது பொய்யானால் எல்லாம் பொய். கன்னத்துச் செல் 60 மைக்ரான் அளவில் வர வேண்டும், 30 வந்தது. பிள்ளைகளைத் திட்டினேன், பாவம். பிறகு என் விரலைக் குத்திச் சிவப்பணுவை அளந்தேன். 7, 8 இருக்க வேண்டியது 4கூட வரவில்லை. ஆட்டு ரத்தத்துக்குத்தான் அந்த அளவு!

கண்ணாடியைப் பிளாஸ்டிக் அடிக்கோலின்மேல் வைத்து லென்ஸால் பார்த்தேன். 100 பாகமும் சேர்ந்து 2 மில்லிமீட்டர். அச்சடித்த பிலிமை ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்துக் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன, பாகத்துக்கு 20 மைக்ரான் என்று கணக்கு வைத்துக்கொள்ளவும் வழியில்லை. இதற்குள் பிள்ளைகள் செல்லை 6 சென்டிமீட்டருக்கு வரைந்து, 1,000 மடங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் 2,000 என்று மையால் எழுதிவிட்டார்கள். போதாததற்கு, திருகிலிருந்து கையை எடுத்தால் குழாய் தானாக இறங்கி ஸ்லைடை நொறுக்குகிறது.

போன் செய்தேன். "100 கோடு இருக்கிறதா, எண்ணிப் பாருங்கள்" என்றார். மறுநாள், "தம்பி மதுரைக்குப் போயிருக்கிறான், அவனுக்குத்தான் தெரியும்." நேரில் போனால், "பழம்பொருளுக்கு ஏது டீச்சர் உத்தரவாதம்?" ரசீதை நீட்டினேன். அதில் அவர் எழுதியிருப்பது: 'பழைய சாமான் 1, ரூ. 14,500.'

வாங்குகிறவர்களுக்கு விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அளவுக் கண்ணாடியை அடிக்கோலில் வைத்துப் பாருங்கள். ரசீதில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வெங்காயத்தை நம்பாதீர்கள், அது எந்தக் கருவியிலும் அழகாகத்தான் தெரியும். மீதி பிறகு. நாளைக் காலை அந்தக் கடை திறக்கும்போது நான் வாசலில் நிற்க வேண்டும்.