எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் இரட்டை வேக்வம் கேஜ் செட்: ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்குப் போதுமானதா?

சிறு விமானங்களில் பயன்படும் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பிங் கார்புரேட்டர்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உள்ளன. இரண்டும் ஒரே அளவில் திறக்காவிட்டால் ஒரு பக்கம் கூடுதலாக இழுத்து, எஞ்சின் உதறத் தொடங்கும். அந்த உதறல் நாளடைவில் கியர்பாக்ஸைத் தேய்த்துவிடும். பெங்களூரு ஜக்கூர் அருகே நண்பர்களோடு சேர்ந்து நான் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்தில், ஐடிலில் கருவிப் பலகையே நடுங்கியதால் இரு பக்க உறிஞ்சலையும் ஒப்பிட்டுக் காட்டும் இந்தச் செட்டை நகரின் எஸ்.பி. ரோட்டுக் கடையில் சுமார் 3,000 ரூபாய்க்கு வாங்கினோம்.

கிளிசரின் நிரப்பிய இரண்டு கேஜ்கள், இரண்டு ஊசி வால்வுகள், பிளாஸ்டிக் ட்யூப் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பாராட்ட வேண்டியது வால்வுகளைத்தான். சிலிண்டர் ஒவ்வொரு முறை காற்றை உறிஞ்சும்போதும் முள் துடிக்கும். துடிப்பு அடங்கும் வரை வால்வை மூட வேண்டும். ஆனால் த்ராட்டிலை அசைத்தால் முள்ளும் உடனே அசைய வேண்டும். இந்த வால்வுகள் சீராகத் திரும்புவதால் அந்த இடத்தைப் பிடிப்பது எளிதாக இருந்தது.

கேஜ்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு டி இணைப்பு வழியாக இரண்டையும் ஒரே கார்புரேட்டரின் பக்கம் மாட்டிப் பார்த்தபோது, ஒன்று அரை அங்குலம் (பாதரச அளவில்) கூடுதலாகக் காட்டியது. இந்த விலைக்கு அது பெரிய குறையன்று. வித்தியாசத்தைக் கண்ணாடியின் மேல் மார்க்கரால் குறித்துக்கொண்டால் போதும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முள் காட்டும் அளவும் கடலோர ஊர்களில் காட்டுவதைவிடக் குறைவாகவே இருக்கும். இங்கே நமக்குத் தேவை இரு முட்களும் ஒத்துப்போவதுதான்.

ட்யூப்பைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாகவே சொல்வேன்: அதை எடுத்து வைத்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் உள்ளே ஒட்டிக்கொண்டு, பொய்யான அளவைக் காட்டுகிறது. தடித்த ரப்பர் ஹோஸ் வாங்கி, ப்ரொப்பெல்லருக்கு வெகு பின்னால், விமானியின் கதவருகே நின்று கேஜைப் படிக்கும் அளவுக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உள்ளே ஒருவரை அமர்த்திய பின்பே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கார்புரேட்டர் திருகையோ கேபிளையோ தொட வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். இந்த எஞ்சினில் த்ராட்டில் கேபிள் கழன்றால் ஸ்பிரிங் கார்புரேட்டரை முழுவதும் திறந்துவிடும் என்பதை எவரும் மறக்கக் கூடாது.

இரு பக்கத்தையும் இணைக்கும் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு கேஜாக மாட்டி, முதலில் கேபிள்களைக் கண்ணால் பார்த்து ஒத்திசைத்து, பிறகு ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் முட்களைச் சமன்செய்ததும் பலகையின் நடுக்கம் நின்றது. முட்கள் சமமான பின்னும் எஞ்சின் உதறினால் கேஜைக் குறை சொல்லிப் பயனில்லை. மிதவைக் கிண்ணத்தைத் திறந்து, மிதவை பெட்ரோலில் மூழ்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

912 யுஎல், யுஎல்எஸ் வைத்திருப்பவர்கள் ஹோஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி இதைத் தாராளமாக வாங்கலாம். 912 ஐஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அதில் கார்புரேட்டரே கிடையாது.